சண்டை பிடித்தாள்

ஒரகடத்தில் கார்களுக்கான வயர்க்கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். எச்.ஆர். பிரிவில் உதவியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். உண்மையில் என் வேலை, ஒருவர் பேசுவதை இன்னொருவருக்குச் சொல்வது. கொரியாவிலிருந்து வந்திருந்த மேலாளருக்குத் தமிழ் தெரியாது. உற்பத்தி லைனில் நின்ற பெண்களில் பலருக்கு ஆங்கிலம் வராது. இரண்டு தரப்பும் சைகையிலும் உடைந்த ஆங்கிலத்திலும் முடிந்தவரை சமாளிப்பார்கள். முடியாதபோது என்னைக் கூப்பிடுவார்கள்.

மேலாளருக்கு 'சரி', 'தண்ணி', 'சீக்கிரம்' ஆகிய தமிழ்ச் சொற்கள் தெரியும். 'சண்டை' என்பதும் தெரியும். அதை அவர் எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்.

அப்போது எங்கள் சாலையிலேயே இருந்த வேறொரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் ஒன்று நடந்து அடங்கியிருந்தது. அதன்பின் எங்கள் கம்பெனியிலும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் செக்யூரிட்டி அந்தப் பக்கமாக ஒரு நடை வந்து போவார். லைனில் இருந்தவர்களுக்கோ வேறு சந்தேகம். தங்களுக்குள் பேசுவதை யாரோ ஆபீசுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தார்கள். நான் நடந்து போனால் பேச்சு அரைகுறையாக நின்று, பிறகு சாம்பாரில் உப்பு இல்லை என்று வேறு ஏதோவாகத் தொடரும்.

ஒரு லைனில் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். ஒருத்தி குன்றத்தூர்க்காரி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள், வாய் ஓயாது. மற்றவள் சங்கரன்கோவில் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் நாலைந்து பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். நானும் அந்தப் பக்கம்தான், தென்காசிக்காரி, அடுத்த தெருவில்தான் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பாள். இஞ்சித் துவையலும் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்புவாள். ஊர்ப் பேச்சும் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கிற இடம் அந்த வட்டாரத்தில் எனக்கு அது ஒன்றுதான்.

இவர்கள் இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். டேப்பை யார் எடுத்தது, கேன்டீனில் ஏன் இடம் போடவில்லை என்று காலையில் தொடங்கும். "இன்னிக்கி இவகூட சண்ட, பேசமாட்டேன்" என்று குன்றத்தூர்க்காரி லைனுக்கே அறிவிப்பாள். டீ இடைவேளையில் பார்த்தால் இருவரும் ஒரே பிஸ்கட்டைப் பிட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. ஒருத்தி முடித்த வயர்க்கட்டை மற்றவள் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தாள். மற்றவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு வெவ்வேறு மேசைக்குப் போனார்கள்.

அதே வாரம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. சில வயர்க்கட்டுகளில் கனெக்டர் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. எந்த லைன் என்று தேடியதில் இந்த இரண்டு பேரின் இடத்தில் வந்து நின்றது. மேலாளர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டும் சண்ட சார்" என்றார் சூப்பர்வைசர், தன்மேல் பழி வராத நிம்மதியோடு.

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார். "சண்டை? ஃபைட்?"

கம்பெனிக்குள் ஃபைட் என்றால் வேலை போய்விடும். ஒருவரை ஒருவர் அடித்தார்களா என்பதைக்கூட அப்புறம்தான் விசாரிப்பார்கள். 'ரெண்டும் சண்டை' என்றால் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று மட்டும்தான் அர்த்தம் என நான் விளக்கினேன். பேசாமலிருப்பதை எப்படி ஃபைட் என்று சொல்லமுடியும் என்று அவர் கேட்டார். தமிழில் அப்படித்தான் சொல்வோம் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. கோபத்தில் ஒருத்தி மற்றவளை மாட்டிவிட வேண்டுமென்றே கனெக்டரை மாற்றியிருப்பாளோ என்று அவருக்குச் சந்தேகம். அதற்குப் பின்னால் சங்கம் சேர்க்கிற வேலை ஏதாவது இருக்குமோ என்று எச்.ஆர். அதிகாரிக்கு. அவர் காஞ்சிபுரத்துக்காரர், எங்கள் பிரிவின் மூத்தவர். இருவரையும் தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவாயிற்று.

முதலில் சங்கரன்கோவில் பெண் வந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா நடந்துச்சு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். அவ என்ட்ட சண்டை பிடிச்சா. பொறவு நானும் பேசல."

"புடிச்சாளா? எதப் புடிச்சா? கையையா, முடியையா?"

அவள் விழித்தாள். "இல்ல சார். சண்டை பிடிச்சா."

"அதத்தான் கேக்கறேன். எங்க புடிச்சா?"

நான் குறுக்கிட்டேன். "சார், எங்க ஊர்ப் பக்கம் சண்டை பிடிக்கிறதுன்னா திட்டுறது, வாக்குவாதம் பண்றது. கை படவேண்டியதே இல்ல. குழம்புல உப்பு கூடிப்போனா எங்கப்பா எங்கம்மாகிட்ட சண்டை பிடிப்பாரு. அவ்வளவுதான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ப் பக்கம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே பக்கமா? சரி, சரி."

அவள் என்ன சொன்னாள் என்று மேலாளர் கேட்டார். வாக்குவாதம் நடந்திருக்கிறது, கைகலப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். பிறகு விரல்களைக் குவித்துக் காட்டினார். நீங்கள் தமிழில் பேசியது இவ்வளவு, எனக்குச் சொல்வது இவ்வளவுதானா என்பது அதன் பொருள். மீதியை எங்கே ஒளித்தாய் என்று கேட்பதுபோல இருந்தது.

அடுத்து குன்றத்தூர்க்காரி.

"சண்டலாம் இன்னாத்துக்கு சார்? பேசறதில்ல, அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணு சண்டைன்னு சொல்லுதே."

"அவ சொல்லுவா. நான் சண்ட போட்டா டீ குடிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும் சார். கோவம் தீர்ந்துச்சின்னா வுட்டுருவேன். இது அது இல்ல."

"அப்ப இது என்ன?"

அதிகாரி மேசையில் தட்டினார். "ஒருத்தி சண்டைங்கிறா, ஒருத்தி இல்லங்கிறா. யாரோ பொய் சொல்றீங்க."

உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருத்திக்குச் சண்டை என்றால் மற்றவள் வாயிலிருந்து வந்துவிட்ட ஒரு கடுஞ்சொல். மற்றவளுக்கு அது தீர்ந்துபோகக்கூடிய கோபம். இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, குன்றத்தூர்க்காரி என் பக்கம் திரும்பினாள்.

"மேடம் இருக்கசொல்ல நான் எதுவும் சொல்லமாட்டேன் சார்."

மேலாளர் என்னைப் பார்த்தார். என்ன சொன்னாள்?

அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "மேடம் இங்கே இருக்கும்வரை எதுவும் பேசமாட்டேன் என்கிறாள்" என்று அவளுடைய வார்த்தையை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கதவைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன்.

வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். எப்போதும் "இன்னா மேடம்" என்று தொடங்குபவர் அன்று கைபேசியைத் தடவிக்கொண்டே இருந்தார். அறைக் கண்ணாடிக்கு அப்பால் குன்றத்தூர்க்காரியின் உதடுகள் அசைவது தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. இனி அவள் சொல்வதை அதிகாரிதான் மேலாளருக்குச் சொல்வார். அவர் எதைச் சொல்வார், எதை விடுவார்? அதுவரை என்னைப் பற்றி மற்றவர்கள் நினைத்திருக்கக்கூடியதை முதன்முதலாக நான் இன்னொருவரைப் பற்றி நினைத்தேன்.

கதவு திறந்தபோது அதிகாரி சிரித்தபடி வந்தார். "ஒண்ணுமில்லம்மா. பொம்பளைங்க சண்ட. குழாயடிச் சண்ட." அதற்கு மேல் கேட்டும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து இருவரையும் வெவ்வேறு லைனில் நிறுத்தினார்கள். கனெக்டர் மாறியதற்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்பது அதன்பிறகு தெரியவந்தது. ஸ்டோரில் ஒரே நிறத்துக் கனெக்டர்கள் இரண்டு வகை ஒரே தொட்டியில் கலந்து கிடந்திருக்கின்றன. தொட்டியை மாற்றினார்கள். சந்தேகப்பட்ட பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். இருவரும் தனித்தனியாக "சரிங்க மேடம்" என்றார்கள்.

அந்த ஞாயிறு சொதிக்கு அழைப்பு வரவில்லை. நானே போனேன். சங்கரன்கோவில் பெண் கதவைப் பாதி திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனை வரை நடந்தோம்.

"அக்கா, இனிமே ரூமுக்கு வராதீய."

"ஏட்டி, எம்மேல என்ன கோவம்?"

"கோவம் இல்லக்கா. நாங்க பேச்ச நிப்பாட்டுன அன்னைக்கி அவ என்ன கேட்டான்னு நினைக்கீய? 'ஆபீஸ் மேடம் உன் ரூமுக்கு எதுக்கு வருது? நாங்க பேசறதெல்லாம் நீதான சொல்ற'ன்னு கேட்டா. எல்லார் முன்னாலயும். அதான் சண்டை பிடிச்சான்னு சொன்னேன்."

ஆபீஸ் அறையில் நான் இத்தனை கவனமாக மொழிபெயர்த்தது என்னைப் பற்றிய சண்டையை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீ என்ன சொன்ன?"

"சொதி திங்க வாராவன்னு சொன்னேன். சிரிச்சா. நம்பல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலல்லா?"

"இல்லட்டி" என்றேன். அது உண்மை. ஆனால் அவள் கேட்டுவிட்டாள். கேட்டதற்காக அவளும் வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். அவள் திரும்பி அறைக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை அதிகாரி என் மேசைப் பக்கம் வந்து டீயை உறிஞ்சினார். "என்னம்மா, நேத்து சொதி கிடைக்கலையா?"

சொதியைப் பற்றி அவரிடம் நான் ஒருபோதும் பேசியதில்லை. அன்று அறைக்குள் குன்றத்தூர்க்காரி சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று கிடைக்கவில்லை என்பது? பிள்ளைப்பாக்கத்துத் தெருவில் எந்த ஜன்னல், எந்தப் பெட்டிக்கடை, அறையில் இருந்த எந்தப் பெண்? யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்று லைன் பெண்கள் பயந்தது பொய்யில்லை. அவர்கள் ஆளைத்தான் தவறாகப் பிடித்திருந்தார்கள். யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து நானும் வீட்டுக்குள் நுழையுமுன் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்க்கப் பழகினேன்.

மேலாளர் அந்த விஷயத்தை மறக்கவில்லை. ஒரு பிற்பகல் வேலை குறைவாக இருந்தபோது, அந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் என்று கேட்டார். வாய்ச்சண்டை, கைச்சண்டை, வலுச்சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை, பிரியமானவர்கள் போடும் செல்லச் சண்டை, இரண்டு நாடுகள் குண்டு போட்டுக்கொள்ளும் சண்டை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குண்டு போடுவதற்கும் பிரியத்துக்கும் ஒரே சொல் வைத்திருப்பவர்களை எப்படி நம்புவது என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்கு நடுவே பழக்கமான குரல்கள் கேட்டன. இரண்டு பெண்களும் மதில் நிழலில் உட்கார்ந்து, தொன்னையில் வாங்கிய பொங்கலைத் தின்றபடி, செருப்பை எந்த வாசலில் விட்டோம் என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். சங்கரன்கோவில் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"ராசியாயிட்டீங்களா?" என்றேன்.

"எங்க மேடம்? பாத்தீங்கல்ல, சண்ட போட்டுகினுதான் கீறோம்" என்றாள் குன்றத்தூர்க்காரி.

தயங்கித்தான் கேட்டேன். "அப்ப எங்கூட?"

"ஐய, உங்ககூட எங்களுக்கு இன்னா மேடம் சண்ட?"

மரியாதையாகத்தான் சொன்னாள், வெளி ஆளிடம் சொல்வதுபோல. தொன்னையிலிருந்து எனக்கும் பொங்கல் எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் அதிகம், வெயில் அதிகம் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கம்பெனியைப் பற்றி மூவரும் வாயைத் திறக்கவில்லை. பொங்கலைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் அவர்கள் சண்டையை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது கேட்டது.