நாற்பத்தேழு வயதில் எழுபது வயது எலும்பு

சாப்பாட்டு நேரம் முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போனபோதுதான் விழுந்தேன். குழாயடியில் தரை ஈரமாக இருந்தது. கால் வழுக்கியது, இடது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது என் கையிலிருந்து வந்த சத்தம் என்று புரியச் சிறிது நேரம் பிடித்தது.

பக்கத்து மிஷினில் வேலை செய்யும் ஷாஹினா ஓடி வந்தாள். “யா அல்லா! கை இன்னா இப்படி வளைஞ்சிருக்கு? அசையாத கலா, அப்படியே இரு.”

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவு. வலது கை தோலைத் தள்ளும். வளைவு வரும் இடத்தில் அதை ஊசிக்கு ஏற்றபடி திருப்புவது இடது கைதான். ஒடிந்தது அந்தக் கை. அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது.

வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் போட்டு முடிந்ததும் மருத்துவர் அம்மா என்னைப் போகவிடவில்லை. “இவ்ளோ லேசா விழுந்ததுக்கு மணிக்கட்டு ஒடைஞ்சிருக்கக் கூடாதும்மா” என்றார். டெக்சா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். கூடவே முதுகுக்கும் ஒரு எக்ஸ்ரே.

அடுத்த வாரம் முடிவு வந்தது. எனக்கு ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகி மெலிந்துபோகும் நோய்). முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தது. எப்போது நசுங்கியது என்று எனக்கே தெரியாது. மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க வயசு நாப்பத்தேழு. எலும்பப் பாத்தா எழுபதுன்னு சொல்லலாம்” என்றார் மருத்துவர்.

அந்த நிமிடம்தான். அதற்கு முன்னால் நரை வந்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறேன், மகளுக்குக் கல்யாணம் செய்திருக்கிறேன். எதுவும் என்னைக் கிழவியாக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தபோது, என்னையறியாமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் வேறொன்றும் கேட்டார். “தீட்டு எப்போ நின்னுச்சு?”

“முப்பத்திநாலுல, மேடம். ஜாஸ்தியா படுதுன்னு போனேன். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.”

“சினைப்பையும் சேத்தா?”

எனக்குத் தெரியவில்லை. நானும் வீட்டுக்காரரும் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துப் போனோம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் (பெண்ணின் எலும்பைக் காக்கும் சுரப்புநீர்) அன்றோடு குறைந்துபோனது என்றும், அப்படி நடந்தவர்களின் எலும்பைக் கவனித்து வர வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். பதின்மூன்று வருடங்களில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘புள்ள பெத்தாச்சு, இனிமே இது எதுக்கு’ என்று அன்று ஆஸ்பத்திரியில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நானும் தலையாட்டினேன்.

எனக்குக் கோபம் வந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கும் வந்தால், அதை அடக்க வேண்டாம் என்பேன். அழுகையைவிட அது எனக்கு அதிகம் உதவியது.

கட்டுப் போட்ட கையோடு என்னை மகள் தீபா சத்துவாச்சாரியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் போவதற்குள் வீட்டை மாற்றி வைத்திருந்தாள். பாத்ரூமில் கைப்பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊன்றுகோல். குடத்தை என் கண்ணில் படாமல் வைத்தாள். நான் எழுந்தால் அவளும் எழுந்தாள். யாராவது வந்தால், “அம்மாக்கு முடியல” என்று எனக்கு முன்னால் அவளே பதில் சொன்னாள்.

கைப்பிடி தேவைதான், அதை இன்றும் சொல்வேன். ஆனால் மூன்றாவது வாரத்தில் நானே ஒரு தம்ளர் தண்ணீருக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எலும்பு மட்டும்தான் மெலிந்திருந்தது. மீதிப் பலத்தை நானே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை கறுத்து மெலிந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்: வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. கால்சியம், வைட்டமின் டி தனி. பிசியோதெரபி (உடற்பயிற்சி வழியாகத் தரும் சிகிச்சை) செய்ய வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள்.

பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் கேட்டேன், “இனிமே நான் எதையும் தூக்கக் கூடாதா?”

“யார் சொன்னது? தூக்கணும். கொஞ்சங்கொஞ்சமா. பாரம் பட்டாத்தான் எலும்புக்குப் பலம். குனிஞ்சு மட்டும் வெடுக்குன்னு தூக்காதீங்க, முதுகு தாங்காது.”

இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

முதலில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பிறகு ஒரு லிட்டர். வலித்தது, சில நாள் கண்ணீர் வந்தது. ஒருநாள் சமையலறையில் இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் பாட்டில்களோடு நான் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது தீபா ஸ்கூலிலிருந்து வந்துவிட்டாள்.

“அம்மா! அத கீழ வை மொதல்ல!”

“வைக்க மாட்டேன். இன்னும் நாலு பாக்கி இருக்கு.”

“மறுபடி விழுந்தா? இடுப்பு ஒடைஞ்சா? யாரு பாக்கறது?”

“நீ பாப்ப, தெரியும். நீ பாக்கற நெலம வரக் கூடாதுன்னுதான் பண்றேன்.”

அவள் வாசற்படியிலேயே நின்று அழுதாள். நான் நான்கையும் முடித்துவிட்டுத்தான் அவளிடம் போனேன். அது கல்மனசு இல்லை. அன்று நடுவில் வைத்திருந்தால் மறுபடி எடுத்திருக்க மாட்டேன். அடுத்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஊன்றுகோலை அவள் வீட்டிலேயே விட்டேன்.

நான்காவது மாதம், வேலைக்குப் போகலாம் என்ற மருத்துவரின் கடிதத்தோடு கம்பெனிக்குப் போனேன். என் மிஷினில் வேறொருத்தி இருந்தாள். எங்கள் சூப்பர்வைசர் ரேகா நல்லவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“அக்கா, உங்களுக்கு நூல் வெட்டுற டேபிள் போட்டிருக்கேன். பேஜார் இல்லாத வேலை. உக்காந்தமா, வெட்னமான்னு இருக்கலாம்.”

நூல் வெட்டுகிற மேஜைக்கு எங்களிடம் வேறு பெயர் உண்டு: ஆயா டேபிள், அதாவது கிழவிகளின் மேஜை. அங்கே போனவர் யாரும் மிஷினுக்குத் திரும்பியதில்லை.

“எனக்கு மிஷின் வேணும் ரேகா.”

“கை ஒத்துழைக்கணுமேக்கா?”

“தச்சுக் காட்றேன். அப்புறம் சொல்லு.”

தைத்தேன். முதல் ஜோடியிலேயே வளைவில் தையல் கோணிப்போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஊசி உடைந்தது. பிரிவே பார்த்துக்கொண்டிருந்தது. ரேகா அந்த மூன்றையும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. போகவில்லை. “ஒரு மாசம் கொடு. மத்தவங்களுக்குக் குடுக்கிற லாட்டுல பாதி ஜோடி குடு. கோணலாத்தான் வரும்னா நானே அந்த டேபிளுக்குப் போறேன்” என்றேன். அவள் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, மூலையில் இருந்த பழைய மிஷினைக் காட்டினாள்.

அந்த ஒரு மாதம் ஷாஹினா தன் பிரேக்கில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். கழிவுத் தோலில் வளைவு வரைந்து தருவாள். “மெதுவா திருப்பு. ஜல்தி இன்னாத்துக்கு?” என்பாள். இரண்டாவது வாரம் தையல் நேரானது. மாதக் கடைசியில் முழு லாட் போட்டேன். முன்பிருந்த வேகம் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஆனால் என் தையலில் திருப்பி அனுப்புவது கம்மி. ரேகா என்னை எழச் சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ஒரு நாள் மதியம் எங்கள் சாப்பாட்டு வட்டத்தில் கேட்டேன்: “இங்க யார் யாருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கு?” ஏழு பேர் இருந்தோம். என்னையும் சேர்த்து நான்கு கைகள் எழுந்தன. ஷாஹினாவின் கையும். சினைப்பையைப் பற்றிக் கேட்டால் ஒருத்திக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பழைய காகிதங்களை எங்கள் வீட்டுத் தரையில் பரப்பினோம். அதில் இருவர் இப்போது என்னோடு அதே மருத்துவரிடம் வருகிறார்கள்.

உங்களுக்கும் சொல்வது அதுதான். காகிதத்தைத் தேடுங்கள். என்ன எடுத்தார்கள், என்ன விட்டார்கள் என்று கேளுங்கள். ‘வயசாச்சுல்ல’ என்று யாராவது பதில் சொன்னால் அதை ஏற்காதீர்கள். வயது ஒரு நோயின் பெயர் இல்லை.

இந்த வருடம் கார்த்திகையில் சோளிங்கர் மலைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு முழங்கால் வலி. ரோப் காருக்குச் சீட்டு எடுக்கப் போனார். எனக்கு வேண்டாம், படியில் வருகிறேன் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரே சீட்டு எடுத்தார்.

ஏறினேன். ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். முன்பெல்லாம் யாராவது முந்தினால் எட்டி நடை போடுவேன். இப்போது கைப்பிடிச் சுவரில் இடது கையை வைத்து, பாதம் முழுதாகப் படிந்த பிறகுதான் அடுத்த படி. அப்படி நடக்கும்போது, உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது. நாற்பத்தொன்பது வருடங்கள் அதைப் பார்க்காமலே ஓடியிருக்கிறேன்.

மேலே அவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். தரிசனம் முடித்தவர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

“இன்னா, இவ்ளோ நேரமா?”

“எனக்கு இவ்ளோ நேரந்தான் ஆவும்” என்றேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். இருவரும் வரிசையில் போய் நின்றோம்.