உருண்டைகளுக்கு முதுகில்லை

ஆய்வகத்தில் அவளைப் பெரியவள் என்றும், அவளுடைய கொழுந்தன் மனைவியைச் சின்னவள் என்றும்தான் எல்லோரும் சொன்னார்கள். ஒரே வீட்டு மருமகள்கள் ஒரே அறையில் வேலை பார்த்ததால் வந்த வழக்கம். பெரியவள் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் சின்னவள் வந்தாள். வந்த சூட்டோடு அத்தனை பேரையும் மயக்கிப் போட்டுவிட்டாள்.

கணினித் திரைக்குள் மட்டுமே வாழும் ரோபோக்களை வளர்ப்பது அவர்கள் வேலை. நன்றாக இரை தேடுகிறவை பிழைக்கும். கொஞ்சம் மாறுதலோடு அவற்றின் வாரிசுகள் பிறக்கும். அவற்றுக்கு மூளை எழுதியவள் பெரியவள். உடம்பு வரைந்தவள் சின்னவள். ஒருமுறை சின்னவள் உடம்பை நீளமாக்கி, முன்பக்கம் மட்டும் கண் வைத்தாள். தான்தோன்றியாகத் திரிந்தவை சில தலைமுறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போக ஆரம்பித்தன.

"உடம்பு மாறினா பழக்கவழக்கமே மாறுதே! பிரமாதம்மா!" என்றார் ஆய்வகத் தலைவர்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பின்தொடரக் கற்றுக்கொண்டது யார் எழுதிய மூளை? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நெடுநெடுவென்ற சின்னவள் எழுந்தாலே கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். குள்ளமான பெரியவள் எழுந்து நிற்பதே பலருக்குத் தெரியாது. வீட்டிலும் அதே கதை. மாமியார் கதவைத் திறந்ததும், "சின்னவ வரலையா?" என்றுதான் கேட்பார்.

காட்டுகிறேன் பார் என்று கறுவிக்கொண்டு, ஊர்வலம் போன அதே மூளையை, சுற்றிலும் கண் வைத்த உருண்டை உடம்புகளுக்குள் ரகசியமாகப் போட்டாள் பெரியவள். அவையும் ஊர்வலம் போனால் பெருமை முழுக்க மூளைக்குத்தானே?

போகவில்லை. பின்தொடர எதற்கும் முதுகே இல்லை. எத்தனை தலைமுறை கழிந்தும் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாகவே நகர்ந்தன. அழித்துவிடலாம் என்று அவள் கை நீண்டபோது, பின்னால் சின்னவள் நின்றிருந்தாள்.

"அக்கா, என்ன இது? இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்குது!"

"ஊர்வலம் போன அதே மூளைதான். உன் உடம்புதான் ஜெயிச்சுது. போதுமா?"

"அதே மூளைய வேற உடம்புல போட்டாத்தானே உடம்பு பண்ற வேலை நிரூபணமாகும்! எனக்கு இது தோணவே இல்லையேக்கா!" என்றவள், ஒரே ஓட்டமாக ஓடித் தலைவரை இழுத்து வந்தாள். "அக்கா பண்ணினது சார். ஆய்வுக் கட்டுரையில அவங்க பேருதான் முதல்ல வரணும்."

தலைவர் திரையைப் பார்த்து அசந்துபோனார். பிறகு சின்னவளைப் பார்த்து, "உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனசும்மா!" என்றார்.

கட்டுரையில் பெரியவள் பெயர்தான் முதலில் வந்தது. அதை வாங்கிக் கொடுத்தவள் யார் என்று நினைத்தால் மட்டும், இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது.