ஜெபா ஆரம்பிக்கட்டும்

"எங்க ஜெபா வாசிப்பான்!"

சொன்னது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் என் வாய் இருக்கிறதே... அது என்றைக்கு என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறது?

போன சனிக்கிழமை. கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். இரண்டு நாள் ராக் இசை விழா. சென்னை, பாண்டிச்சேரி, சேலம், பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ முதுகில் மூட்டையோடு வந்து இறங்கிய கூட்டம். வரிசையாக டென்ட்டுகள். எதிரே மேடை. ஓரத்தில் ஆவி பறக்க அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கிறார்கள். நம்ம மலையில், கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறி வந்துவிடுகிற தூரத்தில், ராக் திருவிழா! விடுவேனா?

நாங்கள் மூன்று பேர். நான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என்னைச் சகித்துக்கொண்டிருக்கும் கலையரசி – கார் அவளுடையது, டென்ட் அவளுடையது, ஆகவே அதிகாரமும் அவளுடையது. மூன்றாவது ஆள் ஜெபா. கள்ளக்குறிச்சியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறான். வீடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர்.

ஜெபா டிரம்ஸ் வாசிப்பான். ஆனால் சொந்தமாக டிரம்ஸ் கிடையாது. அவன் ஊர் சர்ச்சில் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. மற்ற நாளெல்லாம் அது பூட்டிய அறையில் இருக்கும். அதனால் மற்ற நாட்களில் கடை மேசை, கார் டேஷ்போர்டு, என் டிபன் பாக்ஸ் – எது கிடைக்கிறதோ அதில் வாசிப்பான். சும்மா சொல்லக் கூடாது... அபாரமாக வாசிப்பான். இந்த ஒரு வாரம் மட்டும், பாடகர் குழுவை நடத்தும் எஸ்தர் அக்காவிடம் லீவு சொல்லிவிட்டு எங்களோடு மலையேறி வந்திருந்தான்.

எங்கள் டென்ட்டுக்கு அடுத்த டென்ட்டில் பாண்டிச்சேரி பேண்ட் ஒன்று. அவர்களுடைய டிரம்மர் காலையில் ஓடையில் குளிக்கப் போய், பாசிப் பாறையில் வழுக்கி, மணிக்கட்டை வீங்க வைத்துக்கொண்டு வந்தார். துண்டால் கட்டுப் போட்டிருந்தது. ஸ்டிக் பிடிக்க முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை.

பேண்டின் பாடகர் தினேஷ் ஒவ்வொரு டென்ட்டாகத் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். "யாராச்சும் டிரம்ஸ் வாசிக்கறவங்க இருக்கீங்களா?"

அப்போதுதான் நான் அந்தத் திருவாய் மலர்ந்தேன்.

ஜெபா என்னை முறைத்தான். "இன்னா பேசற நீ? நான் சர்ச்ல வாசிக்கறவன்."

"ஏன்டா, என் டேஷ்போர்டை ஒடைக்கத் தெரியுது, டிரம்ஸை ஒடைக்கத் தெரியாதா?" – கலை.

தினேஷ் சிரித்தார். "சர்ச்சா? அப்ப கை சுத்தமா இருக்கும். வா தம்பி."

அவர்களுடைய வேனுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் பரீட்சை. இரண்டு பாட்டு. போனில் இரண்டு தடவை கேட்டான். தினேஷ் கிடாரை மீட்டிப் பாட ஆரம்பிக்க, அடுத்த வரியில் ஜெபா சேர்ந்துகொண்டான். அவ்வளவுதான். துண்டு கட்டிய டிரம்மரே, "என்னை விட நல்லா வாசிக்கறாம்பா" என்று சொல்லிவிட்டார்.

தினேஷ் கிடாரைக் கீழே வைத்தார். "இவரு எப்படியும் ரெண்டு மாசத்துல துபாய் போறாரு. ஆள் தேடிக்கினுதான் இருக்கோம். இன்னிக்கு மேடையில நல்லா வந்துச்சின்னா... நீயே வந்துடேன்."

கரும்பு அரவை ஆரம்பிக்கும் நாளில், மில் வாசலில் நிற்கும் டிராக்டர்காரர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? ஜெபா முகத்தில் அது இருந்தது. பூட்டிய அறைக்கு வெளியே அவனுக்கென்று ஒரு டிரம்ஸ்! நான் குதித்தே விட்டேன்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

மதியம் மேடையில் சவுண்ட் செக். முதல் பாட்டு டிரம்ஸில்தான் தொடங்குகிறது. டிரம்மர் ஸ்டிக்கோடு ஸ்டிக்கைத் தட்டி நான்கு எண்ண வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் தனியாக வாசிக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் அதைக் கேட்டு உள்ளே வருவார்கள்.

ஜெபா உட்கார்ந்தான். ஸ்டிக்கைத் தூக்கினான்.

"எடு" என்றார் தினேஷ்.

ஒன்றுமில்லை.

"எடுப்பா!"

ஒன்றுமில்லை. தூக்கிய ஸ்டிக் தூக்கியபடியே இருந்தது. அவன் கண் காலி மைதானத்தில் எங்கேயோ நிலைத்திருந்தது. தினேஷ் சும்மா கிடாரில் ஒரு இழுப்பு இழுத்தார். உடனே 'சடார்' என்று சேர்ந்துகொண்டான். மறுபடி முதலிலிருந்து என்றதும்... மறுபடி சிலை.

"அண்ணா, டைம் ஆவுது. அடுத்த பேண்ட் வெயிட் பண்றாங்க" என்று ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்படி சொன்னார் சவுண்ட்காரர்.

தினேஷ் ஜெபா பக்கத்தில் போய்க் குனிந்து பேசினார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாங்க மூணு பேரும் உன்னைக் கேட்டுத்தான் உள்ள வரணும். பாட்டு அப்படித்தான் கட்டியிருக்குது. அஞ்சு மணிக்கு முடியுமா, முடியாதா? முடியலன்னா தப்பில்ல. இப்பவே சொல்லிடு."

"முடியும்ணா" என்றான் ஜெபா. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

டென்ட்டுக்குள் வந்ததும் உடைந்துவிட்டான்.

"நான் எதையும் ஆரம்பிச்சதே இல்ல. சர்ச்ல எஸ்தர் அக்கா கையத் தூக்குவாங்க. கை கீழ எறங்கும், நான் அடிப்பேன். சின்னப் பையன்ல இருந்து அப்படியே பழகிட்டேன். இங்க உக்காந்தா... எப்ப அடிக்கறதுன்னே தெரியல. எந்த நேரமும் தப்பான நேரம் மாதிரியே கீது."

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மணி அடித்தால் வகுப்புக்குப் போனோம். அப்பா தலையசைத்த கோர்ஸில் சேர்ந்தோம். மேனேஜர் 'ஓகே' போட்டால்தான் விரல் கீபோர்டில் இறங்குகிறது. உள்ளே வரச் சொன்னால் வெளுத்து வாங்குவோம். 'நீயே ஆரம்பி' என்று சொல்லிப் பாருங்கள்... பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்போம்.

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. ஜெபா துணியைச் சுருட்ட ஆரம்பித்தான். "கள்ளக்குறிச்சிக்கு கடைசி பஸ்ஸு எப்ப?"

"பஸ்ஸு இருக்கலாம்" என்றாள் கலை, கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "உன் செருப்பு என் டிக்கில இருக்குது. வெறுங்கால்ல போறியா?"

அவன் சிரிக்கவில்லை. சட்டையைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான். அவனை இதில் மாட்டிவிட்டவள் நானல்லவா?

அப்போது எனக்கு ஒரு ஐடியா வந்தது. எனக்கு ஐடியா வந்தால் கலை கண்ணை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டாள்.

"ஜெபா, எஸ்தர் அக்கா வேலைய நான் பாக்கறேன். மேடைக்கு நேரா, முன்னாடி வந்து நிக்கறேன். கையத் தூக்கறேன். எறக்கறேன். நீ அடி."

நூடுல்ஸ் செய்த பாத்திரத்தைக் கவிழ்த்து ஒத்திகை பார்த்தோம். கையைத் தூக்கினேன். இறக்கினேன். டக் டக் டக் டக்! பாத்திரம் அதிர்ந்தது. மறுபடி. மறுபடி. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"ஏன்டி, நாளைக்கு இவன் பேண்ட்ல சேந்தா, நீயும் கையத் தூக்கிக்கினு ஊர் ஊரா போவியா?" என்று கேட்டாள் கலை.

நல்ல கேள்வி. காதில் வாங்கவில்லை.

ஐந்து மணி. தூறல் நின்றுவிட்டது. சேற்றை மிதித்து, நான்கைந்து பேரை இடித்து, மேடைக்கு எதிரே கட்டியிருந்த கயிற்றுக்கு வந்துவிட்டேன். ஜெபா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைத் தேடினான். கையாட்டினேன். பார்த்துவிட்டான். தலையசைத்தான். எல்லாம் சரி.

கல்வராயன் மலையில் மூடுபனி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? வருவது தெரியாது. திரும்பிப் பார்த்தால் இருக்கும்.

பின்னால் மரங்கள் காணாமல் போயின. பக்கத்து டென்ட்டுகள் போயின. பேண்டின் பெயரை அறிவித்துக்கொண்டிருக்கும்போதே மேடையும் போய்விட்டது. விளக்குகள் இருந்த இடத்தில் மஞ்சளாக நாலைந்து கறை. அவ்வளவுதான். கூட்டம் மூடுபனியைப் பார்த்து 'ஓ'வென்று கத்தியது. அவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு அவன் தெரியவில்லை என்றால், அவனுக்கு நான்?

கயிற்றுக்கு அடியில் நுழைந்தேன். வாலன்டியர் பெண் ஒருத்தி கை நீட்டி மறித்தாள்.

"அக்கா, இதுக்கு மேல பாஸ் வேணும்."

"ஒரே ஒரு கைய மட்டும் காட்டிட்டு வந்துடறேம்மா!"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாவம், அவள் என்ன நினைத்தாளோ.

கூட்டம் அடங்கிவிட்டது. பாட்டுக்காகக் காத்திருக்கும் அமைதி. அந்த அமைதி நீண்டது. இன்னும் நீண்டது. நான் கையைத் தூக்கினேன், இறக்கினேன். தூக்கினேன், இறக்கினேன். மஞ்சள் கறை அப்படியே இருந்தது.

"இன்னாப்பா, கரண்ட்டு போச்சா?" – பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஒரு விசில். மைக்கில் தினேஷ் தொண்டையைச் செருமுவது கேட்டது. அந்தச் செருமலில் பொறுமை முடிந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்திருந்த கலை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "கைய எறக்குடி. அவனுக்குத் தெரியாது."

நான் இறக்கவில்லை.

டக்.

ஒன்றே ஒன்று. அப்புறம் நின்றுவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டான், எல்லாம் என்னால்தான்...

டக் டக் டக் டக்!

அதற்குப் பின் வந்தது... எப்படிச் சொல்வது? லாரியிலிருந்து பாறாங்கல்லை மொத்தமாகச் சரித்துவிட்டது மாதிரி வந்தது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒத்திகையில் வாசித்ததைப் போல ஒன்றரை மடங்கு. தினேஷ், உளுந்தூர்பேட்டையில் நகர்ந்துவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவர் போலப் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஆனால் யாரும் விழவில்லை. சேற்றில் கூட்டம் குதித்தது. கலை குதித்தாள். அந்த வாலன்டியர் பெண்கூட!

இரண்டாவது பாட்டு, சரியான வேகத்தில், தயக்கமில்லாமல், அவனே ஆரம்பித்தான்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினோம். சட்டை நனைந்து ஒட்ட, நின்றுகொண்டிருந்தான் ஜெபா.

"என் கை தெரிஞ்சிதா?"

"ஒன்னும் தெரியல. ரொம்ப நேரம் தேடினேன். அப்புறம்... யாரும் வரப்போறதில்லன்னு ஆயிடுச்சி. அடிச்சிட்டேன்."

"ஒரு தட்டு தட்டிட்டு ஏன்டா நிறுத்தின? உசுரே போச்சு!"

"அடிச்சது நான்தானான்னு பாத்தேன்."

தினேஷ் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பாதியைக் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. "தம்பி, வேகம் ஜாஸ்தி. எனக்கு மூச்சு நின்னுடுச்சி." இன்னொரு மடக்கு. "ஆனா கடைசி வரைக்கும் விடாம நின்ன. ரிகர்சல் ஞாயித்துக்கிழமை காலைல, பாண்டில. எல்லாரும் வேலைக்குப் போறவங்க, வேற நாள் கெடையாது. வர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச். ஆராதனை. எஸ்தர் அக்கா.

ஜெபா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மதியம் காலி மைதானத்தைப் பார்த்தானே, அதே பார்வை. 'வருவான்' என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கை தானாக எழும்பியது. இரண்டு கையையும் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் திணித்தேன். உதட்டைக் கடித்தேன். ஜெபா கலையைப் பார்த்தான். அவள், மூடுபனியில் ஒன்றுமே தெரியாத வானத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மேடையில் அடுத்த பேண்ட் கம்பிகளைச் சரிசெய்யும் சத்தம். தினேஷ் பாட்டிலை மூடினார். பேசாமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

"காலைல எனக்கு சர்ச் இருக்குதுண்ணா" என்றான் ஜெபா. "முடிச்சிட்டு பஸ்ஸு புடிச்சா நாலு மணிக்கு வந்துடுவேன். நாலுக்கு வைங்க."

"நாலு மணியா? நாங்க காலைலயே முடிச்சிட்டு வூட்டுக்குப் போறவங்கப்பா."

"நாலு மணிண்ணா."

தினேஷ் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தோளைக் குலுக்கினார்கள். துண்டு கட்டிய டிரம்மர் மட்டும் சிரித்தார்.

"சரிப்பா. நாலு மணி."

உங்களுக்கு ஒரு சின்ன யோசனை – நண்பர்களுக்கு உதவக் கிளம்பும்போது, பாக்கெட் வைத்த ஜாக்கெட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள்.