மிளகுக்கொடியை அண்ணாந்து பார்த்தவர்

தீக்காயத் தழும்பு இறுகி, என் மகளின் தாடையை நெஞ்சோடு இழுத்துவிட்டது. அறுவை சிகிச்சையில் அதை விடுவித்தார்கள். பல மாதம் கழுத்து பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்றார்கள். அவள் அழுதால் நான் கழற்றிவிடுவேன், பிறகு பயப்படுவேன்.

கொல்லிமலைப் பேருந்தில் பக்கத்து இருக்கை மிளகு விவசாயியின் கழுத்திலும் அதே தழும்பு. ஜன்னல் வழியே மரம் மரமாக அண்ணாந்து, கொடிகளைப் பார்த்தபடி வந்தார்.

“பெல்ட்டை ஏனுங்க மடியில வெச்சிருக்கீங்க?”

“அழறாளுங்க.”

“எங்கம்மாவும் பாவம்னு கழட்டிட்டாங்க. மறுபடி இழுத்துக்கிச்சு, மறுபடி ஆபரேசன்.” மகளிடம் திரும்பினார். “சாமி, மாட்டிக்கிட்டு அந்த மரத்துல எத்தன கொத்து மிளகுன்னு சொல்லு.”

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நூறு!”

“பத்துகூட இல்ல, புளுகுணி!”

அவள் சிரித்தாள். பெல்ட் கழுத்திலேயே இருந்தது.

குழந்தைக்கு எப்படித் தீப்பட்டது என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பார்கள். இறங்கும்வரை அவர் அதைக் கேட்கவே இல்லை.