காளைக்கு வந்த பரிவட்டம்

காளையின் பேரை ஒச்சாயி முதன்முதலாகக் கேட்டது, அவள் அப்பன் செத்துக் கிடந்த அன்றைக்கு. காலரா கண்ட உடம்பு. எழுமலையில் இருந்த சொந்தபந்தம் அம்புட்டும் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி, "பட்டாளத்துக் காளையக் கூப்பிடுங்கப்பா" என்றாள்.

வந்தார். முதல் உலகச் சண்டையில் பஸ்ராப் பக்கம் அடிபட்டவர்களைச் சுமந்த மனுசன். திரும்பி வந்து சந்தைப்பேட்டையில் சோடாக் கடை வைத்திருந்தார். "மாமா, தூக்குறேன், கோவிச்சுக்கிராதீக" என்று, உயிரோடிருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லித்தான் அப்பனைத் தூக்கினார். அந்தச் சொல்லுக்காகத்தான், மறுவருசம் அவர் பெண் கேட்டு வந்தபோது ஒச்சாயி தலையாட்டினாள்.

கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இது ஒருநாள் வேலையில்லை என்று. நாதியற்ற சாவு எங்கே விழுந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி போய்விடுவார். சந்தைக்கு வருகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

"பொணந்தூக்குற கையால அடைச்ச சோடா மாப்ள, பாத்துக் குடி. கோலி உள்ளருந்து முழிக்குது!"

காளையும் சேர்ந்து சிரிப்பார். ஒச்சாயிக்குத்தான் நெஞ்சு காந்தும். திருவிழாவில் பெரியவர்களுக்குப் பரிவட்டம் கட்டும்போது அவர் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். ஒருநாளாவது அந்தத் துணி இவர் தலையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் எதுவும் கேட்டதில்லை. பிள்ளையைக்கூடக் கேட்டதில்லை.

சாமி கொடுத்தது. அது இரண்டாவது சண்டை நடந்த காலம். முந்தின வருசக் காலராவில் அவர் கைபடாத தெருவில்லை. பங்குனியில் ஊர் கூடி, முதல் பரிவட்டம் காளைக்கு என்று முடிவு செய்தது. அவர் கையில் மஞ்சள் காப்புக் கட்டியது, கோயில் பெரியாளான ஒச்சாயியின் அண்ணன் மொக்கையன்.

"மாப்ள, விழா முடியிற மட்டும் எல்லை தாண்டக் கூடாது. சாவை மிதிக்கக் கூடாது. ஊர் பூராவுக்கும் காப்புத்தான், அப்படித்தான். தெரியும்ல?"

"தெரியும் மச்சான்."

பரிவட்டத்துக்கு முந்தின நாள், எல்லையில் காவல் நின்ற பேயாண்டி ஓடி வந்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் புளியந்தோப்பில் ஒரு மாட்டுவண்டி நிற்கிறது. போடிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த புருசன் பெஞ்சாதி. புருசன் காலராவில் போய்விட்டான். அந்தப் பெண் தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

காளை எழுந்தார். ஒச்சாயி நிலையை மறித்து நின்றாள்.

"இந்த ஒரு தடவ இருங்கய்யா. விடிஞ்சாப் பரிவட்டம். யாரு பெத்த பிள்ளையோ, என்ன சாதியோ."

அவர் சத்தம் போடவில்லை.

"உங்கப்பன் கெடந்தன்னைக்கு என் கையில காப்பு இருந்திருந்தா, ஒச்சாயி?"

அவள் உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்து வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் காப்பை அவளே அறுத்தாள்.

"போயிட்டு வாரேன்" என்றார்.

தீட்டுப்பட்டவர் விழா முடியுமட்டும் ஊருக்குள் வரக் கூடாது. தோப்பிலேயே தங்கினார். ஒச்சாயி கஞ்சியைக் கொண்டுபோய் எல்லைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாள். பரிவட்டம் வேறொருவர் தலையில் ஏறியது. அதற்கு மறுநாள் காளைக்கு வயிற்றால் போவதாகச் சேதி வந்தது. தன் காப்பையும் அறுத்தெறிந்துவிட்டு ஓடினாள். வண்டிக்காரன் பெஞ்சாதி தங்கப்பொண்ணு வெந்நீர் வைத்து அவர் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொழுது சாயுமுன் அடங்கிவிட்டார்.

ஊர்ப் பிணத்தையெல்லாம் தூக்கியவரைத் தூக்க ஓர் ஆளில்லை. வரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லார் கையிலும் காப்பு இருந்தது. மொக்கையன் எல்லைக் கல் வரை வந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாப்ள, மாப்ள" என்று கதறினார். கல்லைத் தாண்டவில்லை. கோயிலில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு பெண்களும்தான் குழி தோண்டினார்கள்.

"தூக்குறேன்யா, கோவிச்சுக்கிராதீக" என்றாள் ஒச்சாயி.

காப்பு இறக்கிய அன்றைக்கு ஊரே தோப்புக்கு வந்தது. மொக்கையன் கையில் தாம்பாளம், அதில் புதுப் பரிவட்டம்.

"தங்கச்சி, இது மாப்ளைக்கு."

"தலை எங்கண்ணே இருக்கு, கட்டுறதுக்கு?"

தாம்பாளத்தை மண்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

காளை இப்போது எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், புளியந்தோப்பில், தங்கப்பொண்ணு புருசனுக்குப் பக்கத்தில் கிடக்கிறார்.