தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம்

ரோஸ்விதா நீர்ஹோஃபுக்கு முதல் ஸ்டேடியத்தில் கிடைத்த வேலை கழிப்பறை வரைவது. "பொம்பளைக்கு அதுதான் சரியா வரும்" என்று சிரித்தபடி தாளை நீட்டினார் தலைமைக் கட்டடக் கலைஞர். அது 1983. மேற்குக் கேலரி முழுவதற்கும் பெண்களுக்கு நான்கே நான்கு போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். அவள் பதினான்கு வரைந்தாள். பத்தை அடித்துவிட்டார்கள். திறப்பு நாளில் அந்த ஆளின் மனைவியே அரைமணி நேரம் வரிசையில் நின்று, ஆட்டத்தின் ஒரே கோலைக் கோட்டைவிட்டாள். ரோஸ்விதாவுக்கு அந்தத் திருப்தி பல வருஷம் தாங்கியது.

பிறகு ஜெர்மனியில் இன்னும் பத்துக் கால்பந்து ஸ்டேடியங்கள். எங்கே போனாலும் சிமெண்ட் காய்ந்ததும் வரிசை வரிசையாக ஏறி உட்கார்ந்து பார்ப்பாள். "முதல் ரசிகை வந்துட்டாங்கப்பா, பீர் ஊத்துங்க!" என்று கொத்தனார்கள் கத்துவார்கள். கோல் கம்பம் தெரியாத இடத்துக்கு டிக்கெட் விற்பவனை அவள் பிக்பாக்கெட்காரன் என்றுதான் சொல்வாள். முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டாவது, ஆலைகள் நிறைந்த ரூர் பகுதியில் அவள் பிறந்த ஊருக்கே. அப்போது வயது அறுபத்து மூன்று. அவள் அண்ணனோடு இரும்பாலையில் வேலை பார்த்த ஊவே அங்கேதான் இருந்தான். ஆலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், முப்பது வருஷமாகப் பழைய மைதானத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து, மழையில் நனைந்தபடி விளம்பரப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"ரோஸி, ஒரே ஒரு கோல முழுசா காட்டிடு. அப்புறம் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றான்.

"ஒண்ணு என்ன, சீசன் முழுக்கப் பாரு" என்றாள் அவள்.

சக்கர நாற்காலிகளுக்கு நாற்பது இடங்கள் வரைந்தாள். முன்வரிசையைவிடத் தொண்ணூறு சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்திய மேடை. ஏன் அவ்வளவு என்று அந்த ஊரில் பிறந்த யாரும் கேட்க மாட்டார்கள். கார்னர் கிக் என்றால் பாதிரியார்கூட எழுந்து நின்றுவிடுவார். ரசிகன் உட்கார்ந்தே இருப்பது வரைபடத்தில் மட்டும்தான்.

முழங்கால் அறுவைக்காக மூன்று வாரம் அவள் படுத்திருந்தபோது கிளப் தலைவர் டாக்டர் கெஸல்ரிங் அவள் அலுவலகத்துக்கு வந்தார். மேடையை எடுத்துச் சக்கர நாற்காலிகளைக் கீழே இறக்கிவிட்டால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரிசை போடலாம் என்றார். அவளுடைய தொழில் கூட்டாளி கிஸ்பெர்ட் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். ஊன்றுகோலோடு அவள் திரும்பியபோது கான்கிரீட் இறுகியிருந்தது.

"விதிமுறைப்படி தப்பில்ல ரோஸ்விதா. முன்னாடி உக்காந்திருக்கறவங்க தலைக்கு மேல பார்வை போகுது."

"கார்னர் கிக் வந்தா எவன்டா உக்காந்திருப்பான்? நீ உக்காந்திருப்பியா?"

கிஸ்பெர்ட் வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தான்.

கிளப்பின் அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். "உக்காருங்க டாக்டர். உங்களுக்கு முன்னாடி நாங்க எந்திரிச்சு நிக்கறோம்."

கெஸல்ரிங் உட்காரவில்லை. "நாடகம் வேண்டாம்மா. அவங்களுக்குப் பாதி விலைல டிக்கெட். பீர் கொண்டுவந்து குடுக்கத் தனியா ஆள். இன்னும் என்னதான் வேணும்?"

"பந்து தெரியணும்."

யாரோ சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அது வாகன நிறுத்தம். கார்களுக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அக்கறையாகப் பேசினார்கள்.

அன்றே அவள் விலகியிருக்கலாம். இடத்தை அளந்து ஊர்ப் பத்திரிகையில் போட்டு உடைத்திருக்கலாம். செய்யவில்லை. பிறந்த ஊர் ஸ்டேடியத்தின் வாசல் கல்லில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசை வாயை அடைத்துவிட்டது. ஊரையெல்லாம் பிக்பாக்கெட் என்று திட்டியவள்!

திறப்பு ஆட்டத்துக்கு, கிளப்பின் பெரிய மனிதர்கள் உட்காரும் கண்ணாடி அறையில் விருந்தோடு அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. ஊவேயின் பக்கத்தில், படியில் உட்கார்ந்தாள். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை கோல் விழவில்லை. அப்போது கார்னர் கிக். முன்வரிசை எழுந்தது, அதற்கு முன்வரிசை, அதற்கும் முன்வரிசை. முதுகுகள், கழுத்துத் துண்டுகள், ஒரு அப்பாவின் தோளில் ஒரு குழந்தை. பிறகு முப்பதாயிரம் பேரின் கத்தல்.

"யாருப்பா போட்டது? எப்படிப் போட்டான்?" ஊவே முன்னால் நின்றவனின் சட்டையை இழுத்தான். அவன் திரும்பி ஊவேயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். பாதி பீர் ஊவேயின் தலையில் கொட்டியது.

ஊவே முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் திரும்பினான். கண்ணெல்லாம் சந்தோஷம்.

"ரோஸி, சத்தம் பிரமாதமா கேக்குது! நீ போட்ட கூரை துளி சத்தத்தக்கூட வெளிய விடல."

அவன் குத்திக்காட்டவில்லை. மனதாரச் சொன்னான். அவளுக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டியவர்கள் மேலே கண்ணாடி அறையில் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் அவன் பக்கத்திலேயே, படியில் உட்கார்ந்திருந்தாள்.