அக்கா போட்டுப் பார்த்த ஆறு மெயில் ஆப்கள்

"நல்ல மெயில் ஆப் எதுங்க?"

வாயிலிருந்த இரண்டு குண்டூசிகளை எடுத்துவிட்டு, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் தையற்கடை அக்கா இதைத்தான் கேட்டார். இதை எழுதுபவருக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பேசப் பிடிக்காத நேரங்களில் அந்தக் குண்டூசிகள் அவர் உதடுகளுக்கு நடுவே போய்விடும். யார் என்ன கேட்டாலும் "ம்ம்"தான். மெயில் ஆப் என்றால் மட்டும் அவை வெளியே வரும்.

காரணம், மகள். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அவளால் மெயில் அனுப்ப முடியும். போன முறை பழைய ஆப் அவள் கடிதத்தை விளம்பரங்களோடு ஒதுக்கிவிட்டது. அக்கா அதைக் கண்டெடுத்தபோது கப்பல் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "நான் பெத்த புள்ளையோட லெட்டரும் செருப்புத் தள்ளுபடியும் இதுக்கு ஒண்ணா?" அன்றே அந்த ஆப் கடாசப்பட்டது.

போட்டுப் பார்க்காமல் ஒரு சட்டையைக்கூட வெளியே விடாதவர் அக்கா. ஒரே முகவரியில் ஆறு ஆப்களை இறக்கினார். தனக்குத்தானே "சாப்பிட்டியா?" என்று மெயில் அனுப்பி, "ஆச்சு" என்று பதிலும் போட்டுக்கொண்டார். ஒன்றில் எழுத்து பொடிப்பொடி: "ஊசியில நூல் கோக்கறவளுக்கே தெரியல." இன்னொன்றில் கடிதங்களுக்கு நடுவே விளம்பரம்: "நல்ல துணியில ஒட்டுப் போட்டிருக்கான்." மற்றொன்று தானே பதில் எழுதி நீட்டியது: "என் மகளுக்கு நான் பதில் சொல்றதா, இது சொல்றதா?" ஆனாலும் இன்னொரு தடவை பார்ப்போம் என்று எதையும் நீக்கவில்லை.

புதன்கிழமை போன் ஆறு முறை கூவியது. ஆறு ஆப்பிலும் மகளின் மெயில். முதல் வரி மட்டும் தெரிந்தது: "அம்மா, வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புது. அதுக்குள்ள உன் பதில் வேணும்."

"ஆறு தடவ அனுப்பியிருக்கா பாரேன்!"

தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்த பிறகுதான் தைத்த துணியை நிமிர்த்திப் பார்ப்பது அவர் வழக்கம். ஒன்று போதும், மீதி ஐந்தையும் அழித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று நினைத்தார். இரண்டாவது ஆப்பில் அழித்ததும் அடுத்த நான்கிலும் தானாகவே மறைந்தது. "பரவால்ல, சொல் பேச்சு கேக்குது" என்றபடி முதல் ஆப்புக்குத் திரும்பினார். அதிலும் இல்லை.

அலறல் கேட்டு, பக்கத்துக் கடை சாவிக்காரர் ஓடிவந்தார். நரைத்த மீசை, ஆனாலும் அக்காவுக்கு அவர் தம்பிதான்.

"தம்பி, போச்சு! என்ன கேட்டான்னே படிக்கல!"

"அட அக்கா, இருக்கறது ஒரே பெட்டி. அதுக்கு ஆறு சாவி பண்ணி வச்சிருக்கீங்க. ஒரு சாவியால திறந்து பொருளத் தூக்கிப் போட்டா, இன்னொரு சாவிக்கு மட்டும் அது எப்படிக் கிடைக்கும்?"

"பெரிய அறிவாளி! தூக்கிப் போட்டது எங்க விழுந்துச்சு, அதச் சொல்லு."

ஆறு ஆப் வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையைத் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அழித்தது குப்பைப் பெட்டியில்தான் கிடந்தது. இரண்டு ஆப்களில் அந்தப் பெட்டி எங்கே என்றே தெரியவில்லை. பொடி எழுத்து ஆப்பில் ஒரே தட்டில் வந்தது. சாவிக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கி அக்கா படித்தார்.

"தலைமைச் சமையல்காரியாப் போடறாங்களாம்மா. இன்னும் ரெண்டு வருஷம். போகட்டுமா? பதில் வரலன்னா உனக்கு இஷ்டமில்லன்னு வீட்டுக்கே வந்துடறேன்."

மகளை வரவழைக்க அக்கா எதுவுமே செய்ய வேண்டியதில்லை. பூதக்கண்ணாடி வெகுநேரம் அந்தக் கடைசி வரி மேலேயே நின்றது. பிறகு "போயிட்டு வா" என்று தட்டி அனுப்பினார். மற்ற ஐந்து ஆப்களையும் ஒவ்வொன்றாக நீக்கினார்.

"என்னக்கா எழுதுனீங்க?" என்றார் சாவிக்காரர்.

அளவு கொடுக்கக் கடையில் யாரும் இல்லை. அக்கா இரண்டு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.